மண் மாற்றும் மாதம்

8 நவம்பர்

அண்ணிக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால்கூட உங்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் வரும் என்று உங்கள் தம்பி சொல்வார்.

ஆசைப்பட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்காரவில்லை. அவர் கண்மூடி நான்கு மாதமாகிறது. மொட்டை மாடியில் அவர் வளர்த்த பன்னிரண்டு கள்ளி மந்தாரைத் தொட்டிகளையும் இந்த மாதக் கடைசிக்குள் எடுத்துவிடச் சொல்லி வாடகை வீட்டுக்காரர் கெடு வைத்திருக்கிறார். அவருடைய படுக்கையறைக் கூரை ஒழுகுகிறதாம். அதற்குக் காரணம் என் செடிகளாம். அவருடைய மச்சான் கோணலாகப் போட்ட குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம்.

தொட்டிகளை அசைத்துப் பார்த்தேன். அடி ஓட்டை வழியாக வேர் வெளியே வந்து தரையைக் கவ்விக்கொண்டிருக்கிறது. தண்ணீர் ஊற்றினால் இறங்காமல் மேலேயே நிற்கிறது. மூன்று வருஷமாக அவர் மண்ணும் மாற்றவில்லை, தொட்டியும் மாற்றவில்லை. எப்படியும் கீழே இறக்கத்தான் போகிறேன், அப்படியே பெரிய தொட்டிக்கு மாற்றிவிடலாமே என்று தோன்றுகிறது. ஆனால் இலையெல்லாம் மஞ்சளாகி விழுகிறது. நர்சரிக்காரரைக் கேட்டேன். "இப்பவே மாத்திடுங்கம்மா. எந்த மாசமா இருந்தா என்ன, செடி செடிதானே" என்றார், கடையிலேயே பெரிய தொட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு. அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் உங்களைக் கேட்கலாம் என்று முடிவு செய்தேன்.

மாற்றலாமா, கூடாதா, எப்போது? இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும். ஃபோனில் கேட்டிருப்பேன். நீங்கள்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் நம்பரை மாற்றிக்கொண்டு எங்களுக்குச் சொல்லாமல் இருந்துவிட்டீர்களே.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


16 நவம்பர்

தம்பி மனைவிக்கு,

நலம் விசாரித்ததாக நினைத்துக்கொண்டு நன்றி சொல்கிறேன். முழங்கால் வலி இருக்கிறது. அது அனுமதி கேட்கவில்லை.

தொடாதே. முதல் பதிலும் அதுதான், முழுப் பதிலும் அதுதான். ஆனால் உனக்கு ஒரு வார்த்தை போதாது என்று தெரியும், அதனால் விளக்குகிறேன். இலை விழுவது நோய் இல்லை. செடி தூங்கப் போகிறது. தூங்குகிறவளை எழுப்பி வீடு மாற்றுவாயா? வேரை இப்போது கலைத்தால் அந்தக் காயம் ஆறாது. ஈரம் இறங்கி அழுகும். மொட்டைக் குச்சியாக நிற்கிற நாள் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாதே. கிளை நுனியில் கிளியின் மூக்கு மாதிரி பச்சை எட்டிப்பார்க்கும். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ வரும். அப்போது மாற்ற வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்னாலும் இல்லை, பூ வந்த பிறகும் இல்லை.

கம்பெனியில் அடுக்கி வைத்த துணியை ஒரே இழுப்பில் நாற்பது சட்டையாக வெட்டுகிறவளுக்கு எல்லாம் உடனே நடந்தாக வேண்டும். செடிக்கு உன் ஷிஃப்ட் தெரியாது.

தொட்டிகளை மாடிப்படி வளைவில் இறக்கி வை. தூங்குகிற செடிக்கு வெளிச்சம் தேவையில்லை. அந்த நர்சரிக்காரன் கழுதை மேய்க்கட்டும். மூன்று வருஷமாக மண் மாற்றாதவனைப் பற்றி என்ன சொல்ல? சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வேலை என்றால் உடம்பு வளையாது.

இப்படிக்கு,
அவன் அக்கா


2 டிசம்பர்

அண்ணிக்கு,

நலம். இடுப்பைத் தவிர.

பன்னிரண்டு தொட்டிகளையும் இறக்கிவிட்டேன். ஒரு நாளைக்கு ஒன்று, கம்பெனி விட்டு வந்ததும். தரையைக் கவ்விய வேரைக் கரண்டியால் நெம்ப வேண்டியிருந்தது. கீழ்வீட்டு டிரைவர் படியில் நின்று, "கூப்பிட்டிருந்தா நான் தூக்கியிருப்பேனே" என்று பன்னிரண்டு நாளும் சொன்னார். பன்னிரண்டு நாளும் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை.

உங்கள் தம்பிக்கு உடம்பு வளையாது என்று எழுதியிருந்தீர்கள். லிஃப்ட் மெக்கானிக் அண்ணி அவர். இருபத்திரண்டு வருஷம் லிஃப்ட் குழிக்குள் வளைந்தே நின்றவர். உங்களுக்கு எப்படித் தெரியும்? கடைசியாக நீங்கள் இந்த வீட்டுக்கு வந்தது, தொட்டி மாற்றும்போது நான் அடுப்படியில் இருப்பது தெரிந்தே, "துணி வெட்டுற கைக்கு உயிருள்ளது எதுவும் தங்காதுடா. உனக்கே தெரியுதே, வீட்ல ஒரு தொட்டில் உண்டா?" என்று சொன்ன அன்றைக்குத்தான். அவர் உங்களை இனிமேல் படியேற வேண்டாம் என்று சொன்னதும் அன்றைக்குத்தான்.

சரி, எனக்காக வர வேண்டாம். கூடப் பிறந்தவன் செத்ததற்குமா வரக்கூடாது? வந்தவர்கள் எல்லாம், "அக்கா வரலையா?" என்று என்னைத்தான் கேட்டார்கள். ஸ்கூலில் பரீட்சை நடக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். உங்களுக்காக நான் சொன்ன பொய் அது.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


21 டிசம்பர்

தம்பி மனைவிக்கு,

நலம். நீயும் அப்படியே இரு.

ஜூலை மாதத்தில் எந்தப் பள்ளியில் பரீட்சை நடக்கிறது? தவிர, நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. பொய்யை எனக்காகச் சொன்னாய் என்றால் கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம்.

அடுப்படிப் பக்கம் பார்த்து நான் சொன்னதை வார்த்தை பிசகாமல் எழுதியிருக்கிறாய். நானும் மறக்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அவன் இறந்த செய்தியை நீ எழுதிய கடிதம் நான்கு நாள் கழித்துத்தான் என் கைக்கு வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எதற்கு நான் வர வேண்டும், சுவரைப் பார்க்கவா? அந்தக் கடிதத்தை இன்று மறுபடி எடுத்துப் படித்தேன். "பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்" என்று எழுதியிருக்கிறாய். பதினோரு நாள். இங்கே தபால் வர அதிகம் போனால் நான்கு நாள். அவனுக்கு முதல் நாளே நினைவு தப்பியதா? இல்லையென்றால் ஒரு வரிகூட எனக்கு எழுதச் சொல்லவில்லையா?

பதில் எழுது.

இப்படிக்கு,
அவன் அக்கா


6 ஜனவரி

அண்ணிக்கு,

நலம். இங்கே குளிர் அதிகம். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

எல்லாத் தொட்டியிலும் இலை உதிர்ந்து மொட்டைக் குச்சிதான் நிற்கிறது. பார்க்க, கோட் ஸ்டாண்டுகள் மாநாடு போட்ட மாதிரி இருக்கிறது. நான்காம் தொட்டியில் தண்டு சுருங்கியிருக்கிறது. இதற்குத் தண்ணீர் காட்டலாமா?

வீட்டுக்காரர் படுக்கையறை இன்னும் ஒழுகுகிறது. தொட்டிகள் இறங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது செடி நின்ற இடத்தின் ஈரம் இன்னும் காயவில்லை என்கிறார். அடுத்தது நான் அந்தப் பக்கம் பார்த்த பார்வையால் ஒழுகுகிறது என்பார்.

பள்ளிச் சீருடை சீசன், கம்பெனியில் ஓவர்டைம். நீங்கள் கேட்டதற்கு இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


13 ஜனவரி

தம்பி மனைவிக்கு,

நலம்.

தண்டை அழுத்திப் பார். சுருங்கி, ஆனால் கெட்டியாக இருந்தால் தாகம். அரை டம்ளர் தண்ணீர், ஒரே தடவை. பொதபொதவென்று இருந்தால் அழுகல். கறுப்பு முடியும் இடத்துக்கு மேலே வெட்டிக் காயவை.

முப்பத்தோரு வருஷம் வகுப்பில் நின்றிருக்கிறேன். கேள்வி கேட்டதும் ஜன்னலைப் பார்க்கும் பிள்ளைக்குப் பதில் தெரியாமல் இல்லை.

இப்படிக்கு,
அவன் அக்கா


2 பிப்ரவரி

அண்ணிக்கு,

நலம் என்று எழுதிவிட்டு அடித்தேன். இந்தக் கடிதத்தில் அது வேண்டாம்.

அவருக்கு நினைவு தப்பவில்லை. கடைசி நாள்வரை பேசினார். நான்காம் நாள் காலை, "அக்காவுக்கு எழுதணும், பேப்பர் இருக்கா?" என்றார். என் பையில் கம்பெனி ஆர்டர் ஷீட்தான் இருந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினார். கால் பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆனது. "இன்னைக்கே போட்டுடு" என்றார். "போட்டுடறேன்" என்றேன்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே தபால் பெட்டி இருந்தது. கடிதத்தை ஒட்டவில்லை, அதனால் அங்கேயே நின்று படித்தேன். படித்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏழு நாள், காலையும் மாலையும், அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் போய் வந்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். நீங்கள் வந்தால் அந்தக் கட்டில் பக்கத்தில் இருந்த ஒரே நாற்காலி உங்களுக்குப் போய்விடும் என்பது ஒன்று. அதைவிட, நான் மூன்று வருஷமாக விழுங்கிக்கொண்டு நடந்த வார்த்தைக்கு அவர் அந்தக் கடிதத்தில் வைத்த விலை. படித்தால் உங்களுக்கே புரியும். அவ்வளவு மலிவாக என்னைக் கொடுத்துவிட்டாரே! டாக்டரும் இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. பத்தாம் நாள் கேட்டார்: "அக்காகிட்டேர்ந்து ஏதாவது வந்துச்சா?"

"இன்னும் வரல."

"கோவம் தீரல போல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்போதும் அது என் பையில்தான் இருந்தது. என் மடியில்.

பரீட்சை என்று யாரும் நம்பாத சாக்கைச் சொல்லி, ஊரெல்லாம் உங்களைக் கேவலமாக நினைக்க வைத்தேன். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்காவிட்டால் அந்தப் பையைத் திறக்க வேண்டியிருந்திருக்கும்.

கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


(உள்ளே வைத்த தாள்)

அக்கா,

நல்லா இருக்கியா. நான் ஆஸ்பத்திரியில் இருக்கேன். பயப்படாதே. நெஞ்சில் சளி கட்டிடுச்சு. மூச்சு ரெண்டு மாடிக்கு நடுவுல நின்ன லிஃப்ட் மாதிரி நிக்குது, அப்புறம் தானா போகுது.

மூனு வருஷமா மன் மாத்தலை. உன்னை வராதேன்னு சொல்லிட்டு, ரெண்டு பேரும் சேர்ந்து பன்ன வேலையைத் தனியாப் பன்ன கை வரலை. வேரெல்லாம் தொட்டியை முட்டுது. இனி தாங்காது. பிப்ரவரி கடைசியில் வந்துடு.

அவகிட்ட நீ பெரிசா ஒன்னும் சொல்ல வேணாம். நல்லா இருக்கியான்னு கேளு, போதும். அவளும் பதில் சொல்லிடுவா.

உன் தம்பி


27 பிப்ரவரி

தம்பி மனைவிக்கு,

இருபது நாளுக்கு மேல் பதில் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

'மண்' மூன்று சுழி. 'மூணு', 'பண்ண', 'ஒண்ணு' எல்லாமே மூன்று சுழி. எட்டு வயதில் இதற்காகவே அவனைச் சுவரோரம் நிற்க வைத்திருக்கிறேன். லிஃப்டைப் பிரித்து மாட்டத் தெரிந்தவனுக்குக் கடைசிவரை ஒரு சுழி கூடுதலாகப் போட வரவில்லை. அந்தத் தாளை மேசையில் வைத்துச் சிவப்புப் பேனாவால் ஐந்து இடத்தில் திருத்தினேன். திருத்தி முடித்த பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று நாலைந்து தடவை எழுதிக் கிழித்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு தப்பும் செய்யாத உன்னை, சொல்லக்கூடாததில் பெரியதைச் சொல்லிவிட்டேன். இன்றைக்குச் சொல்ல அதைவிடப் பெரியதாக ஒன்றும் மிச்சமில்லை. நீ செய்தது ஈனமான காரியம். நம்பரை மாற்றிக்கொண்டு கூடப்பிறந்தவன் தேடி வரட்டும் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தவளுடைய காரியத்துக்கு என்ன பெயர் வைப்பது? அதுவும் நல்ல பெயராக இருக்காது. ஒருவரை ஒருவர் காறித் துப்பிக்கொள்ள நம் இரண்டு பேருக்கும் போதுமான தகுதி இருக்கிறது.

உன்னை மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்று எதிர்பார்க்காதே.

நுனி பச்சை விட்டதா? எத்தனை தொட்டியில்? பாதித் தொட்டிகளில் வந்தால் உடனே எழுது. நான் வருகிறேன். தொட்டியை ஒருவர் பிடித்தால்தான் இன்னொருவர் செடியை உருவ முடியும், அதற்காக.

இப்படிக்கு,
அவன் அக்கா


5 மார்ச்

அண்ணிக்கு,

நலம். ஏழு தொட்டிகளில் பச்சை வந்துவிட்டது. கிளி மூக்கு என்று நீங்கள் எழுதியது எனக்குப் பென்சில் முனை மாதிரி தெரிகிறது. நான்காம் தொட்டியும் பிழைத்துக்கொண்டது.

தொட்டிகள் மறுபடி மாடிக்குப் போய்விட்டன. குழாய் ரிப்பேர் செய்கிறவர் வந்து மச்சான் போட்ட குழாயைப் பிடுங்கிக் காட்டினார். அதிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொட்டியது. வீட்டுக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே! "மழைன்னா கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்" என்று குழாயிடம் சொன்னார். தொட்டிகளைத் தூக்கியது இந்தத் தடவையும் நான்தான். டிரைவர் இந்தத் தடவை ஒரு கையை வெளியே எடுத்தார். வழி காட்ட.

வாருங்கள். சொல்லிக்காட்டத்தான் வருகிறீர்கள் என்றால் அதற்கும் வாருங்கள். இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


22 மார்ச்

தம்பி மனைவிக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். பஸ் சீட் உன் வீட்டுத் தலையணையைவிட மெத்தென்று இருந்தது.

நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கிளம்பினேன். வாசலில் நின்று போய்வருகிறேன் என்று சொல்லும் காட்சியெல்லாம் நமக்கு வராது. படியேறும்போது நான் "நல்லா இருக்கியா?" என்று கேட்டேன். நீ "ம்" என்றாய். அவன் கேட்டபடி நடந்துவிட்டது. அவ்வளவுதான்.

உன் வேலையைப் பற்றி எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மண்ணும் மணலும் கலக்கச் சொன்னால் நீ கலக்கியது சேறு. இரண்டு விரல் அகலம் பெரிய தொட்டி வாங்கி வை என்று வந்த அன்றே சொன்னேன். நீ அண்டா அண்டாவாக வாங்கி வந்து நின்றாய்.

"பெரிசா இருந்தா நல்லா வளருமே அண்ணி?"

"வளராது. ஈரம் காயாம நின்னு வேர் அழுகும். திருப்பிக் குடுத்துட்டு வா."

"உங்க தம்பிக்கு இதெல்லாம் தெரியுமா?"

"எல்லாம் தெரியும். தனியாச் செய்யத்தான் தெரியாது."

அப்போது நீ ஏதோ சொல்ல ஆரம்பித்தாய். "அன்னைக்கு அவர் கேட்டப்போ நான்..." என்றாய். நான் தொட்டியைப் பிடி என்றேன். நீ பிடித்தாய். அதை நீ கடிதத்தில் எழுதிவிட்டாய், நான் படித்துவிட்டேன். உன் வாயாலும் கேட்க எனக்குத் தெம்பில்லை.

தொட்டிக்குள் சுருண்டு சுருண்டு பாயாகிப் போன வேரை நீ நறுக்கிய விதம் சுத்தம். பிசிறு இல்லை. இதை ஒரு தடவைதான் எழுதுவேன்.

பத்து நாள் தண்ணீர் கூடாது. வெட்டுக்காயம் ஆற வேண்டும். இலை துவண்டால் துவளட்டும். பத்தாம் நாள் கொஞ்சம் ஊற்று. என் நம்பரை அடுப்படி காலண்டரில் எழுதியிருக்கிறேன். நெருப்புப் பிடித்தால் மட்டும் கூப்பிடு. மற்றதுக்குத் தபால் போதும்.

இப்படிக்கு,
அவன் அக்கா


3 ஏப்ரல்

அண்ணிக்கு,

நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இந்தத் தடவை கேட்க வேண்டும் என்றே கேட்கிறேன்.

ஒன்பதாம் தொட்டி போய்விட்டது. அடர்சிவப்புப் பூ, நடுவில் மஞ்சள். நீங்கள் அவருக்கு முதன்முதலில் வெட்டிக் கொடுத்த கிளை அதுதான் என்று மண் தள்ளும்போது சொன்னீர்கள். இன்று காலையில் தண்டை அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. கறுப்பு எங்கே முடிகிறது என்று மேலே மேலே நறுக்கிக்கொண்டே போனேன். நுனிவரை கறுப்புத்தான். மிஞ்சியதாக ஒரு துண்டுகூட இல்லை.

தப்பு என்னுடையது. நீங்கள் பத்து நாள் என்றீர்கள். ஏழாம் நாள் இலை தொங்கிப் போனது, பார்க்கச் சகிக்கவில்லை, ஊற்றிவிட்டேன். அதற்கு மட்டும்தான் ஊற்றினேன். மற்ற பதினொன்றும் நன்றாக இருக்கின்றன. அவற்றில் இலை விரல் நீளம் வந்துவிட்டது.

இதை உங்களுக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நர்சரியில் இதே சிவப்பு இருக்கிறது. அடுத்த தடவை நீங்கள் வருவதற்குள் அது பூத்தும் இருக்கும். தொட்டியைக் கழுவும்போது அந்த யோசனையும் வந்தது. உங்களிடம் மறைக்க வேண்டாம் என்பதால் எழுதுகிறேன்.

திட்டி எழுதுங்கள். துணி வெட்டுகிற கை என்றுகூட எழுதுங்கள், இந்தத் தடவை கேட்டுக்கொள்கிறேன்.

செடியைப் பார்த்தது காலை ஏழரைக்கு. இப்போது எட்டு. கம்பெனி வேன் கீழே ஹாரன் அடிக்கிறது. அது போகட்டும். தபால் பெட்டி எதிர்ப்பக்கம் இருக்கிறது, முதலில் அங்கே போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி